பேரிங் என்ற சொல் புத்தகத்தில் இல்லை

எங்கள் குடிநீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாமல் போனதால், ஒரு மகப்பேறு மருத்துவமனைக்கு இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் நான்தான். நான் அங்கே பம்ப் ஆபரேட்டர்.

அந்த வார்த்தை 'டர்பிட்'. பார்வையிட வந்த வெளியூர்க் குழு ஒன்றின் தலைவர், கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, உங்கள் தண்ணீர் ரொம்ப டர்பிட் என்றார். எங்களவர் முகமெல்லாம் சிரிப்பாக, "தேங்க் யூ, தேங்க் யூ. எல்லாம் எங்க ஊழியர்களோட உழைப்பு" என்றார். டர்பிட் என்றால் கலங்கல் என்று மறுநாள்தான் யாரோ அவர் காதில் போட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் வடிகட்டியைக் கழுவச் சொல்லியிருப்பார்கள். இவர், வாரியத்தில் யாருக்கும் ஆங்கிலச் சொல்வளம் போதவில்லை என்று முடிவுக்கு வந்தார்.

ஒரே மாதத்தில் 'சொல்வள மேம்பாட்டுப் பிரிவு' பிறந்தது. அதற்கு இடம் வேண்டுமே என்று மாடியில் இருந்த தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தைக் காலி செய்து, அந்தக் கண்ணாடிக் குப்பிகளையெல்லாம் மாடிப்படிக்குக் கீழே துடைப்பங்களோடு குடிவைத்தார்கள். சொல்வள அதிகாரி என்று ஒருவர் வந்து சேர்ந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அகராதி'. இரண்டு காரணத்துக்காகவும் வைத்தோம்.

அகராதி வந்ததும் ஆளுக்கொரு நீல அட்டைப் புத்தகம் கொடுத்தார். ஆயிரத்து இருநூறு உயர்ந்த ஆங்கிலச் சொற்கள்; ஒவ்வொன்றுக்கும் பொருள், பயன்பாடு. பின்னாலேயே ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் வாரியத்தில் எழுத்து வேலை முழுக்க ஆங்கிலத்தில்தான், பேச்சும் ஏச்சும் மட்டும் நம் மொழியில். இனி எந்தக் குறிப்பு எழுதினாலும் அது முதலில் மாடிக்குப் போய் மதிப்பெண் வாங்க வேண்டும். அறுபதுக்குக் குறைந்தால் திரும்பி வந்துவிடும். சாதாரணச் சொல்லுக்குப் பூஜ்யம், உயர்ந்த சொல்லுக்கு ஐந்து, ஒரே சொல் இரண்டு முறை வந்தால் ஐந்து கழிவு, எழுத்துப் பிழைக்கு ஒன்று கழிவு. எண் எழுதினால் பத்து கழிவு. எண்களால் பேசுவது சொல்வறுமையின் அடையாளமாம்.

இதெல்லாம் மேலே நடந்துகொண்டிருக்கிற கூத்து, நமக்கென்ன என்று நான் கீழே பம்ப் ஹவுஸில் இருந்தேன். என்னிடம் இரண்டு பம்ப். ஒன்றாம் நம்பர்தான் மகப்பேறு மருத்துவமனைக்கும் சுற்றியுள்ள ஏழு தெருவுக்கும் தண்ணீர் ஏற்றுவது. இரண்டாம் நம்பர் கிழடு, பாதிதான் இழுக்கும், பிரித்துப்போட்டபடி ஓரமாகக் கிடந்தது. தினமும் காலையில் நான் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பேன். நல்ல பேரிங் முணுமுணுக்கும். கெட்டுப்போகிற பேரிங் பல்லை நறநறவென்று கடிக்கும். அன்றைக்கு ஒன்றாம் நம்பர் பல்லைக் கடித்தது. இருபத்திரண்டு வருஷம் பழகிய காது கணக்குச் சொன்னது: நாற்பது நாள், முன்னே பின்னே இரண்டு நாள். அதற்குள் மாற்றாவிட்டால் பேரிங் ஜாம் ஆகும், மோட்டார் எரியும்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. என் மனைவி அந்த மருத்துவமனையில்தான் துணி வெளுக்கிற பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு நூற்றெண்பது விரிப்பு. தண்ணீர் நின்றால் அங்கே என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பொருளும் பயன்பாடும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எப்போதும் போலவே எழுதினேன். ஒன்றாம் பம்ப், பேரிங் பேட், சேஞ்ச், 6309. அந்த எண் பேரிங்கின் அளவு. ஸ்டோரில் அதைக் காட்டினால் பெட்டியை எடுத்துக் கையில் கொடுப்பார்கள், அன்றே மாட்டிவிடுவேன். அப்படித்தான் இத்தனை வருஷமும் நடந்தது.

ஐந்தாம் நாள் குறிப்பு சிவப்பு மையோடு திரும்பி வந்தது. 'பேட்', சாதாரணச் சொல், பூஜ்யம். 'சேஞ்ச்', பூஜ்யம். 'பம்ப்', 'பேரிங்' இரண்டும் புத்தகத்தில் இல்லை, ஆகவே சொற்களாகக் கருத இயலாது. எண் ஒன்று, பத்து கழிவு. மொத்தம், பூஜ்யத்துக்குக் கீழே பத்து. மீண்டும் முயல்க, வாழ்த்துகள்.

மாடிக்கு ஓடினேன். அகராதி பாட்டில் தண்ணீரைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், பேரிங் போகப் போகுது."

"உக்காருங்க. 'போகப் போகுது'ங்கறதை எப்படி எழுதுவீங்க?"

"கோயிங்னு எழுதுவேன் சார்."

பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "இம்மினன்ட். எங்க, சொல்லுங்க."

"இம்மினன்ட்."

"பொருள்?"

"போகப் போகுது."

"நெருங்கி வந்துட்டீங்க. பெரும்பாலும் ஆபத்துக்குச் சொல்றது. பயன்பாடு?"

"ஆபத்துதான் சார். பேரிங் ஜாம் ஆச்சுன்னா மோட்டாரே எரிஞ்சிடும்."

"பயன்பாடு வாக்கியமா வரணும்."

நான் சொன்னது வாக்கியம் இல்லாமல் வேறென்ன என்று எனக்கு விளங்கவில்லை. அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு அன்பாகத்தான் பேசினார். "பாருங்க, தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்கு நிக்கும். வார்த்தை அப்படியா? நான் வந்து நாலு மாசம் ஆச்சு. இந்த வாரியத்தோட தண்ணியை ஒரு வாய் குடிச்சதில்லை, எனக்கு ஒத்துக்காது. ஆனா வாரியத்தோட மொழியை எங்க கொண்டு வந்து நிறுத்தியிருக்கேன் பாருங்க. காலைல வகுப்புக்கு வந்துடுங்க. கட்டாயம்."

வகுப்பு தினமும் காலை ஒரு மணி நேரம். வால்வு திறக்கிறவர்களும் வகுப்பில் இருந்ததால் ஊருக்கே தண்ணீர் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனது. முதல் நாள் பாடம் 'லாக்கோனிக்', அதாவது சுருக்கமாகப் பேசுகிற. அதை அகராதி நாற்பது நிமிஷம் விளக்கினார். கற்றதை வேலையில் பயன்படுத்த வேண்டும் என்பது அடுத்த உத்தரவு. மீட்டர் பார்க்கிறவர் ஒரு வீட்டு அம்மாவிடம், அளவு மீறிவிட்டது என்பதற்கு, உங்கள் வீட்டுப் பயன்பாடு ரொம்ப எக்ஸார்பிட்டன்ட் என்று சொல்லப்போக, அந்த அம்மா அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, வாளியால் ஒன்று போட்டார். நெற்றியில் கட்டோடு வந்தவருக்கு அகராதி ஐந்து மதிப்பெண் கொடுத்துக் கைகுலுக்கினார்.

புகார்ப் பிரிவுப் பெண்ணின் பாடு இன்னும் மோசம். நான் பக்கத்தில் நிற்கும்போதே ஒருவர் போனில் கத்தினார்.

"குழாய் உடைஞ்சு போச்சும்மா!"

"உடைஞ்சுன்னா எப்படிங்க? ஃப்ராக்சரா, ரப்ச்சரா? நான் அதுல ஏதாவது ஒண்ணு எழுதணும்."

"நடு வீட்டுல முழங்கால் தண்ணி நிக்குதும்மா!"

"அப்ப இனண்டேட்டட். கொஞ்சம் இருங்க, ஸ்பெல்லிங் பார்த்துக்கறேன்."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது. போனை வைத்துவிட்டு, "இது அம்பத்தஞ்சுக்கு மேல தேறாதுண்ணே. அந்த வீட்டுக்கு யாரும் போக மாட்டாங்க" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வயிற்றெரிச்சலால் பேரிங் வராது. இரண்டாவது குறிப்பை நீலப் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். பதினேழாம் நாள் ஐம்பத்தெட்டு மதிப்பெண்ணோடு திரும்பி வந்தது. இரண்டே இரண்டு மதிப்பெண்! எண்ணை விட்டுவிட மனம் வராமல் 6309 என்று ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தேன். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துப் பத்தைக் கழித்துவிட்டார்.

"ரெண்டு மார்க் போட்டு விடுங்க சார். ஆஸ்பத்திரிக்குப் போற தண்ணி."

அகராதிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்கிட்ட சலுகையா கேக்கறீங்க? இன்டெக்ரிட்டி. எண்பத்தேழாம் பக்கம். படிச்சுட்டு வாங்க."

அன்று வீட்டில் பையைத் தூக்கி எறிந்தேன். மனைவிதான் புத்தகத்தை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். "கோபப்பட்டு என்னங்க ஆகப்போகுது? நான் வார்த்தை தேடறேன், நீங்க எழுதுங்க" என்றாள். மூன்று மாலை உட்கார்ந்தோம். அவளுக்குக் கை ராசி, புரட்டினால் ஐந்து மதிப்பெண் சொல்தான் வரும். எனக்கும் மெல்ல மெல்ல ருசி பிடித்துப்போனது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் முட்டை வாங்கியவன் நான். 'கேகோஃபனி' என்று என் கையால் எழுதியதும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. இரண்டு நாள் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைக்கவே மறந்துபோனேன்.

கடைசியில் குறிப்பு தயாரானது. மதிப்பிற்குரிய சாதனம் ஒன்றின் அந்தரங்கத்திலிருந்து ஒரு பெர்னீஷியஸ் கேகோஃபனி எமனேட் ஆகிறது. இம்மினன்ட் கலாமிட்டியை மிட்டிகேட் செய்ய எக்ஸ்பெடிஷஸ் சப்ஸ்டிட்யூஷன் இம்பெரேட்டிவ். அதாவது தீங்கான ஓசைக்கேடு கிளம்புகிறது, நெருங்கும் பேரிடரைத் தணிக்க விரைந்த மாற்றீடு இன்றியமையாதது. ஆங்கிலத்தில் இதைவிட நீளமாக, இதைவிட மோசமாக இருந்தது.

மனைவி இரண்டு முறை படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. இதுல பேரிங் எங்க?"

"அது புத்தகத்துல இல்லை."

"அப்ப அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் புரிஞ்சுப்பாங்க" என்றேன். எனக்கு அப்போது மதிப்பெண்தான் முக்கியமாக இருந்தது.

தொண்ணூற்றொன்று! வாரியத்தின் வரலாற்றில் யாரும் வாங்காதது. இருபத்தேழாம் நாள், முத்திரை குத்திய குறிப்போடு ஸ்டோருக்குப் பறந்தேன். ஸ்டோர்க்காரர் பதினைந்து வருஷமாக என்னோடு டீ குடிக்கிறவர், என்னைவிட வயதில் சின்னவர். குறிப்பை வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னண்ணே வேணும் இதுக்கு?"

"பேரிங். 6309. அதோ, உனக்குப் பின்னாடி மூணாவது தட்டுல மஞ்சப் பெட்டி."

திரும்பிப் பார்த்தார். பெட்டி அங்கேதான் இருந்தது. "இதுல அப்படி ஒண்ணும் எழுதலையே."

"அதான் வாயால சொல்றேனே!"

"வாயால சொல்றதுக்கு எப்படிண்ணே குடுக்கறது? பேப்பர்ல இல்லாம ஒரு நட்டு நகர்ந்தாலும் உங்களுக்கும் வேலை போகும், எனக்கும் போகும். இருங்க, என்ன பொருள்னு விளக்கம் கேட்டு மேல எழுதறேன். அவங்க பதில் போட்டதும் வாங்கிக்கங்க."

விளக்கம் கேட்கிற குறிப்புக்கும் அறுபது வேண்டும் என்பதை இருவருமே மறந்துவிட்டோம். முதலில் முப்பத்தொன்று வாங்கினார். அடுத்து நாற்பத்து நான்கு. மூன்றாவது முறை பயத்தில் இருபத்திரண்டு. நான் தினமும் போய்க் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று மஞ்சள் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவேன். கை நீட்டினால் எட்டாத தூரம் ஒன்றுமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புவேன். கீழே பம்பும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் எனக்குப் பாராட்டு விழா. 'ஆண்டின் சிறந்த சொல்வளர்'. வரமாட்டேன் என்றேன், பம்பை விட்டு நகர முடியாது என்றேன். வருகை கட்டாயம் என்று எழுத்தில் வந்தது. பம்ப் ஹவுஸில் வாசல் காவலரை உட்காரவைத்து, சத்தம் மாறினால் சுவிட்சை அணைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். அரங்க வாசலில் எல்லோருடைய போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்தார்கள்.

மேடையில் தலைமைப் பொறியாளர் என் குறிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தழுதழுத்தார். "இதை நான் மூணு தடவை படிச்சேன். என்ன விஷயம்னே புரியலை. அவ்வளவு உயரம்! ஒரு பம்ப் ஆபரேட்டர் எழுதினதை ஒரு தலைமைப் பொறியாளரால புரிஞ்சுக்க முடியலைன்னா, நம்ம வாரியம் எங்கிருந்து எங்க வந்திருக்குன்னு யோசிச்சுப் பாருங்க!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிஷம் எனக்குப் பேரிங் நினைவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கூடையிலிருந்து போனை எடுத்தபோது மனைவியிடமிருந்து பதினொரு அழைப்பு. மருத்துவமனைக் குழாய்கள் காற்று விட ஆரம்பித்திருந்தன. நான் போய்ச் சேர்வதற்குள் மோட்டார் எரிந்து பம்ப் ஹவுஸ் புகையாக இருந்தது. காவலர் வெளியே இருமிக்கொண்டு நின்றார். "சத்தம் மாறினா அணைக்கச் சொன்னீங்க. அது ஆரம்பத்துலேருந்தே நாராசமாத்தானே கத்திட்டிருந்தது? எது மாறின சத்தம்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

பிரித்துக் கிடந்த இரண்டாம் நம்பரைப் பூட்டி முடுக்கிவிட எனக்கு இரண்டு பகலும் இரண்டு இரவும் பிடித்தன. அந்த இரண்டு நாளும் மருத்துவமனைக்கு லாரியில்தான் தண்ணீர். இடையில் ஒரு மணி நேரம் ஓடிப்போய்ப் பார்த்தேன். லாரியிலிருந்து மூன்றாம் மாடிக்கு வாளி வாளியாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பெற்று ஒரு நாளான பெண்கள் அழுக்கு விரிப்பிலேயே படுத்திருந்தார்கள். வெளுக்கிற அறையில் துணி கூரை வரை குவிந்து, உள்ளே கால் வைக்க முடியாத நாற்றம். மனைவி இரண்டு கையிலும் வாளியோடு வந்தாள். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது.

"நாம மூணு நாள் உக்காந்து எழுதினோம்" என்றாள். "அந்த நேரத்துக்கு நீங்க ஸ்டோருக்குள்ள நடந்து போய்க் கையால எடுத்துட்டு வந்திருக்கலாம்."

"அது திருட்டு."

"அப்ப இது என்ன?"

வாளியை வாங்கிக்கொண்டு மாடியேறினேன்.

விசாரணை வைத்தார்கள். தலைமைப் பொறியாளரும் அகராதியும் ஒரு மேஜையில், நான் எதிரில்.

"பேரிங் கெட்டுப்போச்சுன்னு ஏன் முன்கூட்டியே தெரிவிக்கலை?"

"எழுதினேன் சார். நீங்களே மேடைல படிச்சீங்க."

குறிப்பைத் தேடி எடுத்தார்கள். தலைமைப் பொறியாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதுல பேரிங்குங்கற வார்த்தையே இல்லையே!"

"அது புத்தகத்துல இல்லை சார். மூணு தடவை படிச்சேன்னு சொன்னீங்களே, ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே?"

"அது ரசிக்கறதுக்காகப் படிச்சது. நடவடிக்கைக்காகப் படிக்கலை."

அகராதி குறுக்கே வந்தார். "மொழின்னா எதுக்கு இருக்கு? அடுத்தவனுக்கு விளங்கறதுக்குத்தானே? இவ்வளவு பெரிய ஆபத்தை இப்படியா பூடகமா எழுதறது?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கேலி இல்லை, நடிப்பு இல்லை. மனிதர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

எனக்குக் கண்டன ஆணை வந்தது. முழுக்க ஐந்து மதிப்பெண் சொற்கள். 'கல்ப்பபிள் ரெட்டிசன்ஸ்', அதாவது குற்றத்துக்குரிய வாய்மூடல் என்று குற்றச்சாட்டு. இன்னொரு முறை விதி மீறினால் வேலை நீக்கம். வாரியத்திலேயே அந்த ஆணையைப் புத்தகம் பார்க்காமல் படிக்கக்கூடிய ஊழியன் நான் ஒருவன்தான். பாராட்டுச் சான்றிதழைத் திருப்பிக் கேட்கவில்லை.

புது மோட்டாருக்கு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை கிழட்டு இரண்டாம் நம்பர்தான் இரவு பகலாக ஓடி எல்லோருக்கும் பாதிப் பாதி தண்ணீர் கொடுக்க வேண்டும். ஒன்பதாம் நாள் காலை அதன் பேரிங்கும் பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. அதே அளவு, அதே 6309. இந்த முறை காது பத்து நாள்தான் சொன்னது. அதுவும் நின்றால் வேறு பம்ப் இல்லை.

பேப்பரை எடுத்தேன். பேனா மூடியைக் கழற்றுவதற்குள் 'இம்மினன்ட்' என்ற சொல் தானாக வந்து மனதில் நின்றது. பேப்பரை அப்படியே வைத்துவிட்டு ஸ்டோருக்கு நடந்தேன்.

ஸ்டோர்க்காரர் நீலப் புத்தகத்தைப் புரட்டியபடி, எரிந்துபோன ஒன்றாம் நம்பருக்கு என்ன பொருள் வேண்டும் என்று விளக்கம் கேட்டு ஐந்தாவது குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். நான் கவுன்டர் பலகையைத் தூக்கி உள்ளே போய், மூன்றாவது தட்டிலிருந்து மஞ்சள் பெட்டியை எடுத்தேன்.

"அண்ணே, என்ன பண்றீங்க? பேப்பர் எங்க?"

"பேப்பர் இல்லை. திருடறேன். மேல எழுதிப் போட்டுடு."

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, நான் வெளியே போக வசதியாகப் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எழுதத்தாண்ணே போறேன். என் கடமை அது. ஆனா நான் எழுதி அறுபது வாங்கறதுக்குள்ள நீங்க ரிட்டயரே ஆயிடுவீங்க. போய் மாட்டுங்க."